மூட்டு வலினு வந்தவங்களை "ஆடாதீங்க"னு சொன்ன டாக்டர் நான்தான்

1/
இது கொஞ்சம் நீளமான திரெட். நான் குடுத்த ஒரு தப்பான அட்வைஸைப் பத்தினது. அதைச் சரி பண்ணப் போய், கடைசியில நானே ஆடக் கத்துக்கிட்ட கதை. வீட்டுல மூட்டு வலி, சுகர் இருக்கறவங்க யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. உபயோகமா இருக்கும்.

2/
எனக்குச் சொந்த ஊர் திருவாரூர் பக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபர்ல ஈரோடு மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனைக்கு வந்தேன். ஊர், பேர் எதுவும் சொல்லப் போறதில்ல. இதுல வர்றவங்க கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/
வந்த முதல் வாரம் தினமும் ராத்திரி ஏழரைக்கு ஸ்பீக்கர் சத்தம். ஒருத்தர் ஒரு வரி பாடுவார், நூறு குரல் திருப்பிப் பாடும். திருவிழா போலனு நெனச்சேன். ஸ்டாஃப் நர்ஸ் கிட்ட கேட்டா, "வள்ளி கும்மிங்க மேடம். அரங்கேத்தம் வருதுங்க, அதுக்குப் பழகறாங்க"ன்னாங்க.
கும்மினா எனக்குத் தெரிஞ்சது பொங்கலுக்கு, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு பத்துப் பொண்ணுங்க சுத்தி வந்து கை தட்டுறது. சரினு விட்டுட்டேன்.

4/
அந்த மாசமே ஓபியில ஒரு அம்மா. வயசு 58. எடை 74 கிலோ. பிபி, சுகர் ரெண்டுக்கும் மாத்திரை சாப்பிடறவங்க. ரெண்டு முட்டியும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா தேய்மானம், ரொம்ப மோசம்னு சொல்ல முடியாது.
எழுந்திரிக்கும்போது கேட்டாங்க: "ஏனுங்க டாக்டரம்மா, கும்மிக்குப் போறேனுங்க. போலாமுங்களா?"

5/
வெளிய வராண்டா வரைக்கும் லைன் நிக்குது. நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கல.
"அதெல்லாம் வேணாம்மா. ஆட்டம் ஆடினா இன்னும் தேஞ்சிரும். ரெஸ்ட் எடுங்க."
வலி மாத்திரை, கால்சியம், ஒரு தைலம். ரெண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

6/
நாலு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க. மருமக கையைப் புடிச்சிட்டு. எடை 79. வெறும் வயித்துச் சுகர் 146ல இருந்து 210. முட்டி வலி முன்னைவிட அதிகம். சேர்ல இருந்து எழுந்திரிக்க ரெண்டு கையும் ஊன வேண்டியிருக்கு.
"நீங்க சொன்னபடி ஆடறதை நிறுத்திட்டேனுங்க"ன்னாங்க. என் பேச்சைக் கேட்டதுக்கு நான் பாராட்டுவேன்னு எதிர்பார்த்த மாதிரி இருந்துச்சு அந்த முகம்.

7/
அவங்க வெளிய போனதும் மருமக மட்டும் திரும்பி வந்தாங்க.
"மாமா தவறுனதுக்கு அப்புறம் அத்தை வெளிய போறதுனா அந்தக் கும்மி ஒண்ணுதானுங்க. இப்ப ஆறு மணிக்கே கட்டில்ல படுத்துக்கறாங்க. யாருகிட்டயும் பேசறதில்லீங்க."
அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

8/
ஏன்னு சொல்றேன். நான் சொன்னது அலட்சியம் மட்டும் இல்ல, மருத்துவமாவும் தப்பு.
முட்டியில இருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல இருந்துதான் அதுக்குச் சத்து போகும். மடக்கி நீட்டும்போதுதான் அந்தத் திரவம் உள்ள போய் வெளிய வரும். அசையாம வெச்சா மூட்டு பிழைச்சுக்கும்ங்கறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கற தப்பான நம்பிக்கை.

9/
தொடையோட முன்பக்கத் தசை பலமா இருந்தா முட்டி மேல விழற சுமையை அது வாங்கிக்கும். ரெஸ்ட் எடுக்க எடுக்க அந்தத் தசை இளைக்கும். எடை ஏறும். 1 கிலோ எடை குறைஞ்சா நடக்கற ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் சுமார் 4 கிலோ குறையுதுனு ஆய்வு இருக்கு. அப்போ 5 கிலோ ஏறினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.
மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். மாத்திரை அதுக்குத் துணை. நான் மாத்திரையைக் குடுத்துட்டு சிகிச்சையை நிறுத்தச் சொல்லியிருக்கேன்.

10/
மறுநாள் ராத்திரி ஏழரைக்கு அந்தச் சத்தம் வந்த இடத்துக்கு நடந்து போனேன். எதை வேணாம்னு சொன்னேன்னு ஒருதடவை கண்ணால பார்த்துரலாம்னு.
கோயில் மைதானம். புழுதி அடங்க தண்ணி தெளிச்சு வெச்சிருக்காங்க. ஒரே ஒரு ஃபோகஸ் லைட். நடுவுல மைக்கோட கும்மி வாத்தியார். அவரைச் சுத்தி வட்டத்துக்குள்ள வட்டமா நூறு பேருக்கு மேல. ஆறு வயசுக் குழந்தையும் இருக்கு, எழுபது தாண்டின தாத்தாவும் இருக்கார். காலேஜ் பசங்க, டெய்லரிங் யூனிட்டுக்குப் போற பொண்ணுங்க, முந்தானையை இழுத்துச் செருகின பாட்டிங்க.

11/
கதை என்னன்னா, வள்ளி திருமணம். தினைப்புனம் காக்குற வள்ளி, வேடனா வர்ற முருகன், அப்புறம் கிழவனா வேஷம், யானையா வர்ற விநாயகர், கடைசியில கல்யாணம். வாத்தியார் ஒரு வரி பாடுவார், வட்டம் அதைத் திருப்பிப் பாடிட்டே ஆடும். விசில் ஊதினா அடி மாறும். முன்னாடி ரெண்டு அடி, குனிஞ்சு ஒரு தட்டு, நிமிர்ந்து திரும்பி ஒரு தட்டு. சொல்றதுக்கு ஈஸி!

12/
முன்னாடி இது ஆம்பளைங்க மட்டும் ஆடின ஆட்டம்னு அங்கதான் தெரிஞ்சுது. பொண்ணுங்களையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்தவங்கள்ல முக்கியமானவர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா. 2024ல, 87 வயசுல, அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. நான் பார்த்த வட்டத்துல முக்கால்வாசிப் பேர் பொண்ணுங்க. ஒரு காலத்துல அவங்க எல்லாரும் ஓரமா நின்னு பார்த்திருப்பாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

13/
ஓரமா நின்ன என்னை வாத்தியார் மைக்லயே கூப்பிட்டுட்டார். "டாக்டரம்மா வந்திருக்காங்க, எடம் விடுங்க." தப்பிக்க முடியல.
அன்னைக்கு நான் ஆடினதைப் பத்தி அதிகம் சொல்ல வேணாம். எல்லாரும் வலது பக்கம் திரும்பினா நான் இடது பக்கம். பத்தாவது படிக்கற ஒரு பொண்ணு மேல மூணு தடவை மோதினேன். "எதுத்தாப்ல போறீங்க அக்கா!"னு அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இருபது நிமிஷத்துல மூச்சு வாங்கிருச்சு. பக்கத்துல ஒரு பாட்டி பாடிட்டே ஆடறாங்க.

14/
மிதமான உடற்பயிற்சினா என்னனு கேக்கறவங்களுக்கு டாக்டருங்க ஒரு சுலபமான டெஸ்ட் சொல்லுவோம். அதைச் செய்யும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. கும்மியில இந்த டெஸ்ட் செல்லாது. பழகினவங்க பாடிட்டேதான் ஆடறாங்க. நான் பேசவே முடியாம நிக்கறேன். வயசு எனக்கு 34.

15/
உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி சொல்லுது. 65 வயசு தாண்டினவங்களுக்கு அதோட வாரத்துல 3 நாள் பேலன்ஸ் பயிற்சியும் வேணும்ங்குது, கீழ விழாம இருக்க. நான் ஓபியில தினமும் "வாக்கிங் போங்க"னு சொல்லுவேன். போறவங்க ரொம்பக் கம்மி. இங்க நூறு பேர் யாரும் சொல்லாம, தினமும் ஒன்றரை மணி நேரம் ஆடிட்டு இருக்காங்க.

16/
இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஸ்கொயர் டான்ஸ்னு ஒண்ணு இருக்கு. நாலு ஜோடி சதுரமா நிப்பாங்க. ஒருத்தர் அடுத்த அடி என்னனு குரல் குடுத்துட்டே இருப்பார், அதைக் கேட்டு உடனே ஆடணும். நம்ம வாத்தியாரோட விசில் மாதிரிதான். சீனாவுல சாயங்காலமானா பொதுச் சதுக்கத்துல வயசான அம்மாக்கள் வரிசை கட்டி ஆடுவாங்க.
கேக்கணும், ஞாபகம் வெச்சுக்கணும், பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து அடி வைக்கணும். காலுக்கு எவ்வளவு வேலையோ மூளைக்கும் அவ்வளவு வேலை.

17/
2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நியூயார்க்கோட பிராங்க்ஸ் பகுதியில 75 வயசுக்கு மேல 469 பேரைப் பல வருஷம் பார்த்தாங்க. உடலை அசைக்கற பொழுதுபோக்குகள்ல நடனம் ஒண்ணுதான் டிமென்ஷியா வர்ற வாய்ப்பு குறையறதோட சம்பந்தப்பட்டு இருந்துச்சு.
ஆடறதாலதான் ஞாபகம் நிக்குதா, இல்ல ஞாபகம் நல்லா இருக்கறவங்கதான் ஆடப் போறாங்களானு இதை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா "வேணாம்"னு சொல்றதுக்கு முன்னாடி நான் யோசிச்சிருக்கணும்.

18/
அந்த அம்மாவை வரச் சொல்லி, "நான் சொன்னது தப்புங்கம்மா. நீங்க ஆடலாம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. டாக்டர் தப்புனு சொல்லிக் கேட்டிருக்க மாட்டாங்க போல.
எடுத்ததும் ஆட்டம் இல்ல. முதல் மூணு வாரம் சேர்ல உக்காந்து காலை நீட்டி, 5 எண்ணி இறக்குறது. காலையில 10, சாயங்காலம் 10. அப்புறம் வட்டத்துல 10 நிமிஷம், ரொம்பக் குனியாம. வலிச்சா நாற்காலி. வாராவாரம் அஞ்சு அஞ்சு நிமிஷம் கூட்டினோம். நாலு மாசத்துல எடை 75, சுகர் 138. அதைவிட, கையை ஊனாம எழுந்திரிச்சாங்க.

19/
ஆனா எல்லாருக்கும் கண்ணை மூடிட்டு "ஆடுங்க"னு சொல்றதும் தப்புதான். ஒருநாள் பயிற்சி முடிஞ்சு, தண்ணி தெளிச்ச மண்ணுல ரத்தச் சுவடு. யாருதுனு பார்த்தா 62 வயசு பெரியவர் ஒருத்தரோடது. பாதத்துல கண்ணாடித் துண்டு குத்தியிருக்கு. அதோடவே ஒரு மணி நேரம் ஆடியிருக்கார். வலியே தெரியல. பன்னிரண்டு வருஷ சுகர், பாதத்துல உணர்ச்சி போயிருச்சு.
இதைச் சேவ் பண்ணி வெச்சுக்கங்க:

20/
• சுகர் உள்ளவங்க வருஷத்துக்கு ஒருதடவையாவது பாத உணர்ச்சி டெஸ்ட் பண்ணிக்கங்க. உணர்ச்சி குறைவா இருந்தா வெறுங்கால்ல ஆடவே கூடாது. பின்பக்கம் வார் வெச்ச எம்சிஆர் செருப்பு, இல்லனா கேன்வாஸ் ஷூ. ஆடி முடிச்சதும் பாதத்தைப் பாருங்க. குனிஞ்சு பார்க்க முடியலன்னா கண்ணாடி வெச்சுப் பாருங்க.
• கிளிமிபிரைடு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க சாப்பிடாம ஆடப் போகாதீங்க. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரை.
• முட்டி சிவந்து, சூடா, வீங்கி இருந்தா ஆடாதீங்க. டாக்டரைப் பாருங்க.
• நெஞ்சு வலி, நெஞ்சு பாரம், மயக்கம், வழக்கத்துக்கு மீறின மூச்சிரைப்பு வந்தா நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.
• வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு வலியை மறைச்சு ஆடாதீங்க. கிட்னிக்கும் ஆகாது.

21/
இதோட முடிச்சிருந்தா இது நல்ல ஹெல்த் திரெட். ஆனா முக்கியமான பாதி இனிமேதான்.
எனக்கு உற்சாகம் வந்து, வர்ற சுகர், பிபி பேஷன்ட் எல்லார்கிட்டயும் "கும்மிக்குப் போங்க"னு சொல்ல ஆரம்பிச்சேன். அப்படி ஒருநாள் துப்புரவு வேலை பார்க்கற ஒரு அக்கா. வயசு 45, சுகர். அவங்ககிட்டயும் சொன்னேன்.
அவங்க சிரிச்சாங்க. "எங்களை யாருங்க மேடம் அங்க கூப்புடுவாங்க?"

22/
எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம் புரிஞ்சதும் காது சூடாயிருச்சு.
"எல்லாப் பாட்டும் தெரியுமுங்க. ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம். வீட்டு வாசல்ல புள்ளைங்களோட ஆடுவமுங்க"ன்னாங்க. குரல்ல கோபம் எல்லாம் இல்ல. மழை பெய்யுதுனு சொல்ற மாதிரி சொன்னாங்க.

23/
எனக்குத் தெரியவே தெரியாதுனு சொன்னா அது பொய். முதல் வாரமே என்கிட்டயும் ஒரு பாட்டி சுத்தி வளைச்சுக் கேட்டாங்க. சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார், கடைசியா "என்ன ஆளுங்க?" நான் சிரிச்சு மழுப்பிட்டேன். டாக்டர்ங்கறதால அந்தக் கேள்வி அதோட நின்னு போச்சு. அந்த அக்காவுக்கு அது நிக்காது.
எல்லா ஊர்லயும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். நான் இருந்த ஊர்ல இப்படித்தான். வள்ளி வேடர் குலத்துல வளர்ந்த பொண்ணு, அவளைத் தேடிப் போய்க் கட்டிக்கிட்டவர் முருகன். தினமும் ராத்திரி நாங்க பாடின கதை அது.

24/
கும்மி வாத்தியார்கிட்ட பேசினேன். பேசினேன்னா, நேரா பேசல. அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல.
"கோயில் மைதானத்துல செருப்பு போட முடியல. சுகர் இருக்கறவங்களுக்குப் பாதத்துல புண்ணு வந்துரும். பயிற்சியை மட்டும் ஸ்கூல் மைதானத்துக்கு மாத்த முடியுமா?"னு கேட்டேன். அந்தப் பெரியவரோட காலைப் பத்திச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனா காரணம் அது மட்டும் இல்ல. அரசுப் பள்ளி மைதானத்துக்குள்ள யாரும் யாரையும் வராதேனு சொல்ல முடியாது.
அவர் கொஞ்ச நேரம் பேசல. "புரியுதுங்க டாக்டரம்மா"ன்னார். எவ்வளவு புரிஞ்சுதுனு நான் கேக்கல.

25/
தலைமையாசிரியர்கிட்ட அவரே போய் அனுமதி வாங்கினார். ரெண்டாவது வாரம் அந்த அக்கா ரெண்டு பொண்ணுங்களோட வந்தாங்க. கடைசி வட்டத்துல நின்னாங்க. ஒரு அடி கூடத் தப்பல. ஆறு மாசம் ஆடின நான் அவங்களைப் பார்த்துக் காப்பி அடிச்சேன்.
அடுத்த வாரத்துல இருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வரல. ஏன்னு யாரும் சொல்லல. கல்யாணம், காய்ச்சல், வேலைனு ஆளுக்கு ஒரு காரணம். என் காரணம் செருப்பு. அவங்க காரணம் காய்ச்சல்.

26/
அந்த அக்காவுக்குப் பக்கத்துல போய் நின்னவங்க யாருனு நெனக்கறீங்க? முட்டி வலி அம்மா. "கடைசி வட்டம்னா கொஞ்சம் மெதுவா ஆடலாமுங்க"ன்னாங்க. கடைசி வட்டம்தான் சுத்தளவு அதிகம், அதிக தூரம் நடக்கணும். எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

27/
அரங்கேற்றம் வந்துச்சு. அது கோயில் மைதானத்துலதான்னு ஊர்ப் பெரியவங்க முடிவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைப் புடவை. அந்த அக்காவும் காசு குடுத்து வாங்கியிருந்தாங்க.
வாத்தியார் ஒண்ணு பண்ணார். முந்தின நாள் கடைசிப் பயிற்சிக்கு எல்லாரும் சீருடையிலயே வரணும்னுட்டார். அன்னைக்கு ஸ்கூல் மைதானத்துல தினைப்புனத்துல இருந்து கல்யாணம் வரைக்கும் ஒரு வரி விடாம ஆடினோம். பசங்க காலுல சலங்கை. அந்த அக்காவும் ரெண்டு பொண்ணுங்களும் பச்சைப் புடவையில முழுசா ஆடினாங்க. மறுநாள் அவங்க கோயிலுக்கு வரல.

28/
மறுநாள் காலையில முட்டி வலி அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. "முட்டி வலிக்குதுங்க. இன்னைக்கு ஆட வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."
முட்டியைப் பார்த்தேன். வீக்கம் இல்ல, சூடு இல்ல, நல்லா மடங்குது. சீட்டுல "ரெஸ்ட்"னு எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு எழுதினது தப்பான அட்வைஸ் இல்ல.

29/
நான் போய் ஆடினேன். அதைச் சொல்லாம விட்டா இந்தத் திரெட் பொய். பேர் குடுத்துட்டோம், ஊர்ல வேலை பார்க்கணும், வாத்தியார் என்ன நெனப்பார்னு எனக்கு நானே நாலு காரணம் சொல்லிக்கிட்டேன். ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. வீடியோ கூட இருக்கு. நான் இன்னும் யாருக்கும் அனுப்பல.

30/
இப்பவும் ஸ்கூல் மைதானத்துலதான் பயிற்சி. போனவங்கள்ல நாலஞ்சு பேர் திரும்பி வந்திருக்காங்க. அந்த அக்காவோட பெரிய பொண்ணு இப்போ சின்னப் பசங்களுக்கு அடி சொல்லிக் குடுக்கறா. அடுத்த அரங்கேற்றம் எங்கனு இன்னும் முடிவாகல. இந்தத் தடவை செருப்பைக் காரணம் சொல்லாம பேசணும்னு நெனச்சிருக்கேன்.

31/
உங்க ஊர்ல கும்மியோ, ஒயிலாட்டமோ, கோலாட்டமோ எது நடந்தாலும் போங்க. வெக்கப்படாதீங்க, முதல் நாள் எல்லாரும் எதிர்ப் பக்கம்தான் திரும்புவாங்க. அம்மா, மாமியாருக்கு மூட்டு வலினா வீட்டுல படுக்க வெக்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு மெதுவா ஆரம்பிங்க. போனதும், வெளிய யாராவது நின்னு பார்த்துட்டு இருக்காங்களானு ஒருதடவை திரும்பிப் பாருங்க.